குனிய முடியாதவர்களுக்காக உயர்ந்த மண்

(வீட்டுத் தோட்டம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



“உடற்குறை உடையவர்களும் முதியவர்களும் வீட்டிலேயே காய்கறி பயிரிட முடியுமா?” என்பது இன்றைய கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்டிருக்கும் கேள்வி. எனக்கு முன் பேசியவர்கள் உரத்தைப் பற்றியும் விதையைப் பற்றியும் சொல்லிவிட்டார்கள். நான் வரலாற்றின் பக்கமிருந்து இதற்கு விடை தேடலாம் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளில் அடிக்கடி காணும் ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். தோட்டப்புறத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு தாய். லயத்து வீட்டின் பின்னால் கத்தரியும் வெண்டியும் பயற்றங்காயும் போட்டவர். வாசலில் முருங்கை வளர்த்துத் தெருவுக்கே கீரை கொடுத்தவர். இன்று அவர் பிள்ளைகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, சர்க்கரை நோய், ஒருவேளை வாதத்தால் ஒரு கை சரியாக வராது. அவர் ஒரு பூச்சட்டியைத் தொட்டால் போதும், மகள் ஓடி வருகிறார். “அம்மா, நீங்க சும்மா உட்காருங்க. விழுந்துட்டா யார் பார்க்கிறது?”

மகளின் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தாயின் கையிலிருந்து கடைசி வேலையையும் பிடுங்கிவிடுவது அதே அன்புதான். அவரால் தோட்டம் போட முடியாமல் போனதற்கு உண்மையான காரணம் என்ன? அவர் உடம்பா, அல்லது மண் தரையில் இருப்பதா? இந்தக் கேள்விக்கு வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது.

பசியின் காலத்தில்

வீட்டுத் தோட்டம் என்பது நமக்குப் பொழுதுபோக்காக வந்ததல்ல. இரப்பர் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர்களுக்குக் கூலி குறைவு. கடைக்குப் போகும் தூரமும் அதிகம். லயத்தைச் சுற்றியிருந்த சிறு நிலத்தில் விளைந்த கீரையும் காயும்தான் பல குடும்பங்களின் குழம்பை நிரப்பின.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் இதன் அருமை முழுமையாக விளங்கியது. அரிசி கிடைக்கவில்லை. மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் நம்பி உயிர் வாழ்ந்தார்கள். சிங்கப்பூரில் வீட்டு முற்றங்களும் திடல்களும்கூடக் காய்கறிப் பாத்திகளாயின. மலாயாத் தோட்டப்புறங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்த வீடுகளில் மிஞ்சியவர்கள் பெண்கள், முதியவர்கள், உடல் நலிந்தவர்கள், பிள்ளைகள். அவர்கள்தான் மண்ணைக் கொத்திக் கிழங்கு நட்டார்கள். “உன்னால் முடியாது, சும்மா உட்கார்” என்று அன்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சொல்ல முடியவும் இல்லை.

சுதந்திரத்திற்குப் பிறகும் இந்த எண்ணம் மறையவில்லை. உலகெங்கும் உணவு விலை ஏறியிருந்த 1974-ஆம் ஆண்டில், பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். வீட்டைச் சுற்றி வெறுமனே கிடக்கும் நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தது அத்திட்டம். ஆனால் வீட்டைச் சுற்றி நிலம் உண்டு, குனிந்து கொத்த உடம்பில் வலுவும் உண்டு என்ற இரண்டு எதிர்பார்ப்புகள் அதில் அடங்கியிருந்தன. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாறியபோது நிலம் போனது. வயது ஏற ஏற வலுவும் போனது.

அந்த இரண்டும் இல்லாதவர்கள் என்ன செய்வது? இதற்குப் பதில் தேடி வெளிநாடு போவதற்கு முன்னால், கோலாலம்பூருக்கு வெகு அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது.

சுங்கை பூலோ காட்டிய பாடம்

சுங்கை பூலோ என்றால் பலருக்கும் இன்று நினைவுக்கு வருவது பெரிய மருத்துவமனை, அல்லது சாலையோரம் வரிசையாக இருக்கும் பூச்செடி நர்சரிகள். பண்டிகைக் காலம் வந்தால் சட்டி, செடி, மண் வாங்க அங்கே போகாதவர்கள் குறைவு. அந்த நர்சரிகளின் தொடக்கத்தை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளர்களைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வகை செய்தது. நோய் கண்டவர் குடும்பத்தை விட்டுப் போயே ஆக வேண்டும். அக்காலத்தில் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருந்த தொழுநோயாளர் விடுதியின் அவல நிலையைக் கண்டு மனம் வருந்திய மருத்துவர் எர்னஸ்ட் டிராவர்ஸ், நோயாளிகளைக் கைதிகளைப் போல் நடத்தக்கூடாது என்று வாதாடினார். அதன் விளைவாக 1930-இல் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 500 ஏக்கருக்கும் அதிகமான பள்ளத்தாக்கில், ‘தோட்ட நகரம்’ என்ற அக்காலப் புதிய எண்ணத்தைத் தழுவி அது அமைக்கப்பட்டது. பெரிய கொட்டடிகளில் அடைக்காமல், நோயாளிகளைச் சிறு சிறு வீடுகளில் குடியமர்த்தினார்கள். வீட்டைச் சுற்றி நிலம் இருந்தது. பள்ளிக்கூடம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் உள்ளேயே இருந்தன. பின்னாளில் 2,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தவரும் அவர்களில் இருந்தனர்.

தொழுநோய் நரம்புகளைத் தாக்கும். முதலில் கையிலும் காலிலும் உணர்ச்சி மறையும். சூடு தெரியாது, முள் குத்தினால் வலி தெரியாது. பிறகு விரல்கள் மடங்கி, கை நகம் போல் வளைந்துவிடும். பாதத்தில் ஆறாத புண் வரும். அப்படிப்பட்ட கைகளோடும் கால்களோடும் அந்த மக்கள் வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் காய்கறி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். தனக்கும் அண்டை வீட்டுக்கும் உணவாகட்டும் என்று பயிரிட்டார்கள்.

நாற்பதுகளின் இறுதியில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. அதுவரை சால்மூக்ரா எண்ணெய்தான், அதாவது நம் நாட்டு மருத்துவம் நீரடிமுத்து என்று அறிந்திருக்கும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்தான் கதியாக இருந்தது. புதிய மருந்தால் நோய் குணமானது. ஆனால் வளைந்த விரல் நிமிரவில்லை, வெளியுலகின் அச்சமும் குறையவில்லை. குணமானவர்களில் பலரைக் குடும்பங்கள் திரும்ப ஏற்கவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. அந்த நிலையில் அவர்களைத் தாங்கியது அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்த மண்தான். காய்கறிப் பாத்தியில் கற்ற கைத்தொழில் பூச்செடி வளர்ப்பாக விரிந்தது. குடியிருப்பு நிலத்தில் நர்சரிகள் எழுந்தன. தங்களைத் தொடவே அஞ்சிய நகரத்தின் வாசல்களுக்கெல்லாம் அந்தக் கைகள்தான் செடி வளர்த்துக் கொடுத்தன.

ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நோயாளிகளின் உடம்பு முழுமையாகச் சரியான பிறகு தோட்டம் வரவில்லை. உடம்பு குறையோடு இருந்தபோதே வந்தது. இடமும் நேரமும் கொடுக்கப்பட்டன, வேலை செய்யும் உரிமையும் கொடுக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் அக்குடியிருப்பின் கிழக்குப் பகுதிக் கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. எஞ்சியிருப்பதைக் காக்க வேண்டும் என்று குரல் எழுப்பியவர்கள் வெறும் பழைய செங்கல்லுக்காகப் பேசவில்லை. நம் நாட்டு வரலாற்றில் இப்படியும் ஓர் அத்தியாயம் உண்டு என்பதற்கு அந்த வீடுகளும் தோட்டங்களும் சாட்சி என்பதற்காகவே பேசினார்கள்.

வேலூரில் பிறந்த தெளிவு

உணர்ச்சி இல்லாத கை வேலை செய்தால் புண்ணாகும். அப்படியானால் வேலையே வேண்டாம் என்பதுதானே சரி? மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிரும் என்று எங்கும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்த ஆராய்ச்சி தமிழ் மண்ணில் நடந்தது.

1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட். இலண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல் வளைந்த ஒரு நோயாளியிடம் தன் கையை இறுகப் பற்றச் சொன்னார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி பொறுக்க முடியவில்லை. அவ்வளவு வலிமை அந்தக் கையில் இருந்தது. செயலிழந்தவை சில தசைகளே, மற்றவை நன்றாக இருக்கின்றன என்று அன்று அவருக்கு விளங்கியது. நன்றாக இருக்கும் தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார்.

அடுத்த பாடம் இன்னும் முக்கியமானது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் தானாக உதிரவில்லை, வலி தெரியாததால் அளவுக்கு மீறி அழுத்திக் காயப்படுத்திக் கொள்கிறார்கள் என்பது தெளிவானது. 1951-இல் தொடங்கப்பட்ட நவஜீவ நிலையத்தில், வேலை கற்கும் இளைஞர்களின் கைகளை நாள்தோறும் பார்த்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், சிலாம்பு ஏறிய மரப்பிடி, மெல்லிய கைப்பிடி என்று காரணம் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது.

இதில் அடங்கிய கணக்கு எளிது. ஒரே பலத்தை மெல்லிய கம்பியில் செலுத்தினால், அது கையின் சிறு இடத்தில் இறங்கிச் சதையை அறுக்கும். அதே பலத்தைத் தடித்த, வழவழப்பான பிடியில் செலுத்தினால், அழுத்தம் உள்ளங்கை முழுவதும் பரவிவிடும். ஆகவே வேலையை நிறுத்தத் தேவையில்லை, பிடியை மாற்றினால் போதும். கைகளைக் காப்பாற்ற வழி பிறந்தது அங்கேதான்.

1966-இல் பிராண்ட் அமெரிக்கா சென்றார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் இதே விதியைப் பொருத்திக் காட்டினார். 2003-இல் அவர் மறைந்தார். அவர் கண்ட உண்மை இன்று நம் வீட்டுக்குள்ளேயே தேவைப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு மலேசியத் தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியரிடையே இது இன்னும் அதிகம். கால் மரத்துப்போன தாய்தந்தையர் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மண் மேலே வந்தது

பிடி மாறியது. அடுத்து மாற வேண்டியது தரை.

இரண்டாம் உலகப் போர் ஆயிரக்கணக்கான இளைஞர்களை முதுகுத் தண்டு முறிந்தவர்களாகவும் கால் இழந்தவர்களாகவும் திருப்பி அனுப்பியது. அதற்கு முன்பெல்லாம் முதுகுத் தண்டு முறிந்தவர்கள் நெடுநாள் வாழ்வதில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலில் மருத்துவர் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு போன்றவற்றால் அவர்கள் பல்லாண்டு வாழத் தொடங்கினார்கள். அப்படியானால் அந்த ஆண்டுகளை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி எழுந்தது. விளையாட்டு ஒரு பதிலாக அமைந்தது. குட்மன் நடத்திய போட்டிகளே பின்னாளில் பாராலிம்பிக் விளையாட்டுகளாக வளர்ந்தன. தோட்டம் இன்னொரு பதிலானது. 1959-இல் நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் நோயாளிகளுக்கென ஒரு கண்ணாடித் தோட்டம் அமைக்கப்பட்டது. 1973-இல் அமெரிக்காவிலும் 1978-இல் பிரிட்டனிலும் தோட்டக்கலையைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவோரின் அமைப்புகள் உருவாயின.

இந்த நிலையங்களில் வேரூன்றிய எண்ணம் வெகு எளியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தரைக்குக் குனிய முடியாது என்றால், தரையை அவர் மடி உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரப்பலகை, செங்கல் கொண்டு பாத்தியை உயர்த்திக் கட்டினார்கள். சக்கர நாற்காலிக்காரருக்கு ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரம், நின்றுகொண்டு வேலை செய்பவருக்கு இடுப்பளவு. உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் தூரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான் என்பதால், சுவரோரப் பாத்தியின் அகலம் அதற்கு மேல் போகக்கூடாது. இருபக்கமும் நெருங்க முடியுமானால் 120 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். நாற்காலி போய்வரப் பாதைக்கு ஒரு மீட்டராவது வேண்டும்.

1981-இல் மெல் பார்த்தலோமியூ என்ற அமெரிக்கப் பொறியியலாளர், நான்கடிக்கு நான்கடி சதுரப் பாத்தியைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்துப் பயிரிடும் முறையை நூலாக எழுதினார். அது உடற்குறையுள்ளோருக்காக எழுதப்பட்டதன்று. ஆனால் சிறிய பாத்தி, உள்ளே கால் வைக்கத் தேவையில்லாத அமைப்பு, ஒரு நேரத்தில் ஒரு கட்டம் மட்டும் வேலை என்ற அதன் ஒழுங்கு, விரைவில் களைத்துப் போகிறவர்களுக்கு மிகவும் பொருந்தியது.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூரில் 1967-இல் தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் நகரம் பசுமையாவது வேறு, சக்கர நாற்காலியில் இருப்பவர் அந்தப் பசுமையைத் தொடுவது வேறு. 1990-இல் கட்டடங்களில் தடையற்ற நடமாட்டத்துக்கான விதிமுறை வந்தது. 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டங்களை ஊக்குவிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வீவக குடியிருப்புகளில் பலர் சேர்ந்து கீரையும் கறிவேப்பிலையும் பண்டானும் வளர்க்கத் தொடங்கினார்கள். 2016-இல் ஹார்ட்பார்க்கில் சிகிச்சைத் தோட்டம் திறக்கப்பட்டது. மறதி நோய் உள்ள முதியவர்களையும் சக்கர நாற்காலி பயன்படுத்துவோரையும் மனத்தில் கொண்டு அது வடிவமைக்கப்பட்டது. பின்னர் வேறு பூங்காக்களிலும் இத்தகைய தோட்டங்கள் வந்தன. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் காய்கறி விதைகள் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு இலவசமாக அனுப்பப்பட்டன.

மலேசியாவில் உடற்குறையுள்ளோர் சட்டம் 2008-இல் நிறைவேறியது. பொது இடங்களையும் வசதிகளையும் பயன்படுத்தும் உரிமையை அது பேசுகிறது. ஆனால் சட்டம் வீட்டுப் பின்கட்டு வரை வந்து பாத்தி கட்டிக் கொடுக்காது. அதைச் செய்ய வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வரலாறு பேசியது போதும், எங்கள் வீட்டுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று நேயர்கள் கேட்கலாம். மேலே சொன்னவற்றிலிருந்தே சில செய்திகளை எடுத்துத் தருகிறேன்.

முதலில், உயரம். புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. ஆடாத பழைய மேசை ஒன்று போதும். அதன் மேல் காய்கறிக் கடையில் கிடைக்கும் வெள்ளை நுரைப் பெட்டிகளை வைத்து, அடியில் நீர் வடியத் துளை போடுங்கள். கீரைக்கும் கங்கோங்குக்கும் ஒரு சாண் ஆழ மண் தாராளம். பெட்டியை நிரப்புவதற்கு முன்பே மேசையில் ஏற்றிவிட வேண்டும். இருபது லிட்டர் வாளி நிறைய ஈர மண் ஏறக்குறைய முப்பது கிலோ இருக்கும். நலமாக இருப்பவர் முதுகுக்கே அது கேடு. தேங்காய் நார்த்தூள் பாதி கலந்தால் எடை வெகுவாகக் குறையும், ஈரமும் நிற்கும்.

இரண்டாவது, பிடி. சிறு மண்வெட்டி, கரண்டி, கத்தரி எதுவானாலும் பிடியின் மேல் பழைய சைக்கிள் டியூப் அல்லது தடித்த துணியைச் சுற்றுங்கள். விரல் மடங்காதவருக்கு, அகலப் பட்டை ஒன்றால் கருவியை உள்ளங்கையோடு இலேசாக இணைக்கலாம். வாதத்தால் ஒரு கை வராதவருக்குச் சட்டி நகராமல் இருப்பது முக்கியம். சட்டிக்கு அடியில் ஈரத்துணி அல்லது இரப்பர் விரிப்பு போட்டால் அது நகராது. நீர் ஊற்றப் பெரிய வாளி வேண்டாம். மூடியில் துளையிட்ட அரை லிட்டர் போத்தல் போதும்.

மூன்றாவது, பயிர். கங்கோங் மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வரும். முற்றாக வேரோடு பிடுங்காமல் மேலே நறுக்கினால் மீண்டும் தழைக்கும். பொன்னாங்கண்ணியும் பசலையும் குச்சி வைத்தாலே வரும். நுண்ணிய விதையை விரலால் பிடிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி. பயற்றங்கொடியைப் பந்தலில் ஏற்றினால் காய் கண் முன்னே தொங்கும், உட்கார்ந்தே பறிக்கலாம். பார்வை குறைந்தவருக்குக் கறிவேப்பிலை, துளசி, பண்டான், செராய் ஆகியவை வாசனையாலேயே அடையாளம் சொல்லும். ஒவ்வொரு பெட்டியும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது, எச்சரிக்கை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டு ஈர மண்ணில் மெலியோடோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி வாழ்கிறது. சர்க்கரை நோயாளிகளை அது கடுமையாகத் தாக்கக்கூடும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்கையோடும் வெறுங்காலோடும் மண்ணில் இறங்கக் கூடாது. கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். கையிலோ காலிலோ புண் இருந்தால் அது ஆறும் வரை மண்ணைத் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். வேலூரில் அந்த இளைஞர்களின் கையை நாள்தோறும் பார்த்தார்களே, அதே பழக்கம்தான். கண் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.

மேலும், சட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு வரும். வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் வைப்பதானால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீ பாதுகாப்பு விதியை மறவாதீர்கள். அந்த வழி பக்கத்து வீட்டுச் சக்கர நாற்காலிக்கும் உரியதுதானே!

முடிவாக

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? ஒரு பிடி கீரை. சந்தையில் அதை இரண்டு மூன்று ரிங்கிட்டுக்கு வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு சரிதான்.

ஆனால் சுங்கை பூலோவில் அடைக்கப்பட்டவர்களுக்கும் அரசாங்கம் சோறு போட்டது. அவர்கள் பட்டினியால் மட்டும் பயிரிடவில்லை. வாங்கிக்கொண்டே இருக்கும் கை, ஒரு நாளாவது கொடுக்க விரும்புகிறது. நம் வீட்டு முதியவர்களுக்கும் குறை அதுதான். மருந்து கொடுக்கிறோம், சாப்பாடு கொடுக்கிறோம், தொலைக்காட்சியைப் போட்டுவிடுகிறோம். அவர்களிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அந்தத் தாய் வளர்த்த கீரையில் ஒரு நாள் கூட்டு வைத்து, “அம்மா போட்ட கீரை” என்று வீடே சாப்பிட்டால், அந்த வீட்டில் அவர் இடம் மாறும்.

வரலாறு காட்டுவது இதுதான், நேயர்களே. சுங்கை பூலோவிலும் வேலூரிலும் போருக்குப் பின் எழுந்த மருத்துவ நிலையங்களிலும் மனிதர்களின் உடம்பு முழுவதும் சரியாகும் வரை யாரும் காத்திருக்கவில்லை. பிடியைத் தடிமனாக்கினார்கள், பாத்தியை உயர்த்தினார்கள், பாதையை அகலப்படுத்தினார்கள். இவற்றுள் எதுவும் பெரும் பணம் கேட்பதல்ல. பக்கத்தில் இருப்பவர் ஒரு மாலைப் பொழுது மெனக்கெட்டால் போதும்.

ஆகவே அடுத்த முறை அம்மா பூச்சட்டியைத் தொடும்போது, “சும்மா உட்காருங்க” என்று சொல்லாமல், “இந்தச் சட்டியை எங்கே வைத்தால் உங்களுக்கு எட்டும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தில் ஒரு மேசையைப் போடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.